கட்டளைக்கு நடுவில்

ராணுவ அணிவகுப்பில் ஒரு கட்டளைக்கு இரண்டு துண்டுகள். முதல் துண்டு, என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது துண்டு, இப்போது செய் என்கிறது. ‘தாயினே’ என்றால் வலப்பக்கம். ‘முட்’ என்றால் திரும்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். நிற்கிற ஐம்பது பேரும் காதில் விழுந்ததை உடம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நேரம் அது. இடைவெளி குறைந்தால் பாதிப் பேர் தப்பான பக்கம் திரும்பி, பக்கத்தில் நிற்பவள் மூஞ்சியைப் பார்த்து முழிப்பார்கள். கூடினால் வரிசை தளர்ந்துவிடும். ஒருத்தி பொறுமை இல்லாமல் முன்னாலேயே திரும்புவாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி.யில் இருந்தேன். முதல் இரண்டு வருடம் இந்த இடைவெளி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கட்டளை வரும், கால் போகும், அவ்வளவுதான். மூன்றாம் வருடம் என்னை ஜூனியர் அண்டர் ஆபீசர் ஆக்கி, வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் அந்த அரை நொடி எவ்வளவு நீளமானது என்று தெரிந்தது. சொல்லப்போனால் அந்த வருடம் முழுக்கவே நான் கற்றுக்கொண்டது அந்த அரை நொடியைத்தான்.

என்.சி.சி. என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று: “பரேடு முடிஞ்சா புரோட்டா குடுப்பாங்களாமே?” கொடுப்பார்கள். சில வாரம் பூரி. முட்டை கண்டிப்பாக உண்டு. முதல் வருடத்தில் பாதிப் பேர் அதற்காகத்தான் சேர்ந்தோம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மீதிப் பேருக்குக் காக்கி உடுப்பும், தொப்பியில் குத்திய சிவப்புக் குஞ்சமும். விருதுநகர் வெயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கிரவுண்டு சூடாகிவிடும். பூட்ஸுக்குள் கால் வேகும். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு அந்தப் புரோட்டாவின் ருசியே வேறு.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க பட்டாலியனிலிருந்து ஒரு ஹவில்தார் வருவார். பீகார்க்காரர். ராணுவத்தில் பயிற்சி தருபவரை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். அவருக்குத் தமிழ் ‘சாப்டாச்சா’ வரைக்கும். எங்களுக்கு இந்தி ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ வரைக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினோம். நான் முதல்முறை கட்டளை கொடுத்தபோது அவர் தன் வயிற்றைத் தட்டிக் காண்பித்தார். “பேட் ஸே.” சத்தம் தொண்டையிலிருந்து வரக் கூடாது, வயிற்றிலிருந்து வர வேண்டும். வீட்டில் மொட்டை மாடியில் நின்று ‘தேஜ்... சல்’ என்று கத்திப் பார்ப்பேன். பக்கத்து வீட்டு ஆச்சி, “புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அம்மாவிடம் சொன்னார்.

இந்தக் கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கதை உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கல்லூரி மைதானங்களில் மாணவர்கள் இந்திக் கட்டளைக்குக் கால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் மும்மொழித் திட்டத்தைக் கைவிடும் தீர்மானத்தை நிறைவேற்றியபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. அதே ஆண்டில் என்.சி.சி. மறுபடி விருப்பப் பயிற்சியாகவும் ஆனது. அரை நூற்றாண்டு கழித்து நான் நின்ற கிரவுண்டில் ஒலித்தது இந்திதான்.

தமிழ்த் துறையில் என் தோழி ஒருத்தி இருந்தாள். “அர்த்தம் தெரியாத பாஷைல சொன்னா மறுபேச்சில்லாம செய்றீங்க பாத்தியா, அதுக்குத்தான் இந்தில வச்சிருக்காங்க” என்பாள். அப்போதைக்குச் சிரித்துவிட்டுப் போவேன். ஆனால் முன்னால் நின்று கட்டளை கொடுக்க ஆரம்பித்த பிறகு அவள் கேள்வி வேறு மாதிரி திரும்பி வந்தது. முதல் வருடப் பிள்ளைகளுக்கும் அந்தச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. அவர்கள் என் வாயைப் பார்க்கிறார்கள், நான் மூச்சு இழுப்பதைப் பார்க்கிறார்கள். அவர்களைத் திருப்பியது நான் விட்ட இடைவெளி. அப்படியென்றால் பொறுப்பும் என்னுடையதுதானே? மொழி மேல் பழி போட முடியாது.

*

மூன்றாம் வருடத்தில் பயிற்சி எடுப்பது குறைந்து, பயிற்சி கொடுப்பது கூடிவிடும். வருகைப் பதிவேடு, பூட்ஸ் அளவு, யாருக்கு பெல்ட் இல்லை, யார் மூன்று வாரமாக வரவில்லை, ஏன் வரவில்லை என எல்லாம் அண்டர் ஆபீசர் தலையில். .22 ரைபிளின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வரைபடத்தில் சமஉயரக் கோடுகளைக் காட்டி, நெருக்கமாக இருந்தால் செங்குத்துச் சரிவு, விலகி இருந்தால் சாய்வு குறைவு என்று விளக்க வேண்டும். அதே நேரத்தில் நாங்களும் ‘சி’ சான்றிதழ் தேர்வுக்குப் படிக்க வேண்டும். செமஸ்டர் வேறு. கிரவுண்டில் எங்களை ‘மேம்’ என்பார்கள். கேட்டைத் தாண்டினால் ‘அக்கா’. இரண்டு பேருக்கும் ஒரே உடம்புதான் என்பதால் தூக்கம் மட்டும் யாருக்கும் கிடைக்காது.

‘ஆபீசர்’ என்கிற சொல் இந்தப் பயிற்சிக்குள் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதும் சுவாரசியமானது. முதல் உலகப் போரின்போது, 1917இல், ஆள் பற்றாக்குறைக்காக ஆங்கிலேயர்கள் இங்கே பல்கலைக்கழகப் படையை உருவாக்கினார்கள். 1920இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது. இரண்டாம் உலகப் போர் நடுவில், 1942இல், பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று பெயர் மாறியது. 1946இல் எச்.என். குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரையில் 1948இல் தேசிய மாணவர் படை பிறந்தது. பெயரிலிருந்து ‘அதிகாரி’ விழுந்து ‘மாணவர்’ வந்தது. பெண்கள் பிரிவு 1949இல் தொடங்கியது.

அமெரிக்காவில் இதற்கு இணையான ஆர்.ஓ.டி.சி.யிலும் கடைசி வருடத்து மாணவர்கள்தான் கீழ்வகுப்பாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். பட்டம் வாங்கும்போதே அவர்கள் இரண்டாம் லெப்டினன்ட். எங்களுக்கு அப்படிக் கிடையாது. பட்டம் வாங்கும் அன்று தோளில் இருக்கும் ரேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அதிகாரி ஆக ஒரு தனிக் கதவு உண்டு. ‘சி’ சான்றிதழில் குறைந்தது ‘பி’ கிரேடு இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்குப் போகலாம். தேறினால் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரம். நான் விண்ணப்பித்த அறிவிப்பில் ஆண்களுக்கு 50 இடம், பெண்களுக்கு 5. அப்போது நாடு முழுவதும் என்.சி.சி.யில் இருந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் 17 லட்சம் பேர். ஐந்து இடம் என்று வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் தெருவில் ஒரு ஆட்டோவிலேயே ஏழு பேர் போவோம்.

அந்த அகாடமியை நான் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வருடத்தில் பெண்களுக்கான இணைப்பு முகாமுக்கு எங்கள் பட்டாலியனிலிருந்து என்னையும் அனுப்பினார்கள். 1992இலிருந்து பெண்கள் பயிற்சி எடுக்கும் இடம். அங்கிருக்கும் அணிவகுப்பு மைதானத்துக்குப் பரமேஸ்வரன் பெயர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், 1972இல் இதே இடத்தில் பயிற்சி முடித்து அதிகாரியானவர், பரம் வீர் சக்ரா பெற்றவர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத்தில், இந்திய அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த சண்டையில் இறந்தார். தமிழ்ப் பெயருள்ள ஒரு அதிகாரி, தமிழ் மண்ணில், தமிழர்களோடு நடந்த சண்டையில்.

ஊருக்கு வந்து தோழியிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நாளைக்கு உனக்கு அப்படி ஒரு ஆர்டர் வந்தா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. மைதானத்துக் கட்டளையில் இரண்டாம் துண்டைச் சொன்னால் ஐம்பது பேர் திரும்புவார்கள். வேறு இடங்களில் அதே இரண்டாம் துண்டுக்கு ஆட்கள் சாவார்கள். அதற்கு முந்தைய அந்த அரை நொடியில் ஒரு அதிகாரி என்ன நினைப்பார் என்று அந்த மைதானத்தில் நின்று யோசித்தது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

*

அந்த வருடம் முதலாம் ஆண்டில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். பெயர் வேண்டாம், சாத்தூர்க்காரி என்றே சொல்கிறேன். அவளுக்கு ஒரு பிரச்சினை. நடக்கச் சொன்னால் வலது காலோடு வலது கையும் சேர்ந்து முன்னால் வரும். ஒவ்வொரு வருடமும் இப்படி ஒருத்தராவது வருவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், உள்ளே இருப்பவருக்கு அழுகை வரும். உஸ்தாத் இரண்டு வாரம் பார்த்துவிட்டு என்னிடம் விட்டுவிட்டார்.

பரேடு முடிந்த பிறகு அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றினேன். கட்டளை எதுவும் கொடுக்காமல் சும்மா பேச்சுக்கொடுத்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். அப்பா முன்னால் ஃபயர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார், இப்போது கொத்தனாருக்குக் கையாள். தம்பி எட்டாம் வகுப்பு. பேசிக்கொண்டே நடக்கும்போது கையும் காலும் அது அது பாட்டுக்குச் சரியாகப் போனது. “இப்ப கரெக்டா நடந்த பாரு” என்றதும் மறுபடி குழம்பியது. ‘தேஜ்’ என்று சொன்ன நிமிடமே அவள் உடம்பு விறைத்துவிடுகிறது, அந்த விறைப்பு இறங்குவதற்குள் ‘சல்’ வந்துவிடுகிறது. அதனால் அடுத்த நாள் ‘தேஜ்’ சொல்லிவிட்டு அவள் தோள் இறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு ‘சல்’. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. சுதந்திர தின அணிவகுப்பில் மூன்றாவது வரிசையில் நடந்தாள்.

சிக்கல் முகாமில் வந்தது. ‘பி’ சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு முகாமாவது போயிருக்க வேண்டும். பத்து நாள், வீட்டை விட்டு வெளியே. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரையும் அழைத்துப் போக மாட்டார்கள். பெண்கள் பிரிவில் எல்லா வருடமும் நல்லா வரக்கூடிய நாலைந்து பேர் இந்த ஒரு தாளில்தான் நின்றுபோவார்கள். “அப்பா விட மாட்டாருக்கா” என்றாள். நானும் இன்னொரு மூன்றாம் வருடத் தோழியும் பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனோம்.

அவள் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். எங்களுக்குக் கலர் வாங்கிவரச் சொல்லித் தம்பியைக் கடைக்கு விரட்டினார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து தாளை இரண்டு முறை வாசித்தார்.

“பத்து நா ராத்திரி வெளிய தங்கணுமாக்கும்?”

“ஆமாப்பா. பொம்பளப் புள்ளைக தனியாத்தான். கூட மேடம் இருப்பாங்க. நானும் இருப்பேன்.”

“நீயே சின்னப் புள்ளதான தாயி.”

“மூணாவது வருசம்ப்பா. நான்தான் இவுகளுக்கெல்லாம் லீடர்.”

“அது சரி. நாளப்பின்ன ஒண்ணுன்னா நான் யாரத் தேடி வர? மேடத்தையா, ஒன்னையவா?”

“என்னையத் தேடி வாங்கப்பா” என்றேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது பேசி நிரப்ப வேண்டும் போல வாய் துடித்தது. பேசவில்லை. அம்மாவும் வாசலில் நின்றபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் பேனா கேட்டு வாங்கி, மெதுவாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகி, பேனாவை மகளிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

முகாமில் தினமும் இரவு தலை எண்ணுவோம். கிந்தி என்பார்கள். பத்து இரவும் நான் முதலில் தேடியது அவள் தலையைத்தான். ஏழாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முகாமின் மருத்துவ அறையில் மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மேடத்திடம் கேட்டுக்கொண்டு அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். “நீ கூட இருக்கல்ல தாயி? அப்பச் சரி” என்று வைத்துவிட்டார். தோளில் ரேங்க் குத்திய நாளில் எனக்குப் பெருமையாக இருந்தது. அது என்ன பாரம் என்று தெரிந்தது அந்த ராத்திரியில்.

*

என் வீட்டிலும் ஒரு அப்பா இருந்தார். பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறவர். கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே ஜாதகத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். நான் எஸ்.எஸ்.பி. என்று ஆரம்பித்ததும், “ஒரு வருசம் தாரேன். அதுக்குள்ள ஒன் வேலையப் பாத்துக்க” என்றார். அவருடைய அக்கா தங்கைகள் யாருக்கும் ஒரு வாரம்கூடக் கிடைத்ததில்லை. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். ரயிலில் ஒன்றரை நாள் போய் இறங்கினால், பெயரை எடுத்துவிட்டு நெஞ்சில் ஒரு எண்ணைக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் ஒரு மங்கலான படத்தை 30 நொடி காண்பித்து, நாலு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். அதிலேயே பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மிஞ்சினால் இரண்டாம் நாள் மறுபடி படங்கள், பன்னிரண்டு கதைகள். கடைசிப் படம் வெறும் வெள்ளை. பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 நொடியில் ஒரு வாக்கியம். யோசிக்க விடாமல் அடிப்பதுதான் நோக்கம். யோசித்தால் பொய் சொல்லிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த இரண்டு நாள் வெளிமைதானம். எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு கொடுத்து, தரையைத் தொடாமல் தாண்டச் சொல்வார்கள். தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்காக இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் வில்ஃப்ரெட் பயான், முதல் போரில் டாங்கிப் படையில் இருந்து பிறகு உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். தலைவர் இல்லாத ஒரு குழுவை விட்டால் யார் தன்னைப் பார்க்கிறார்கள், யார் அடுத்தவரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும் என்பது அதன் அடிப்படை. எங்கள் குழுவில் குழு விவாதம் மீன் சந்தை மாதிரி இருந்தது. கட்டையைத் தூக்கும் வேலை வந்ததும் சத்தம் தானாகக் குறைந்தது.

நேர்முகத்தில் ஒரு அதிகாரி, “மூன்று வருட என்.சி.சி.யில் நீங்கள் எடுத்த பெரிய பொறுப்பு எது?” என்று கேட்டார். குடியரசு தின முகாம், துப்பாக்கி சுடும் போட்டி என்றெல்லாம் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் சாத்தூர்த் திண்ணையைச் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அந்த அப்பா பேனாவைக் கொடுத்ததைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் குறித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மதியம் எண்களை வாசித்தார்கள். மூன்று எண்கள். என்னுடையது இல்லை. காரணம் யாருக்கும் சொல்வதில்லை. முதல் முறை வருகிறவர்களுக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள், அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு நெஞ்சு எண்ணை அவிழ்த்துக் கொடுத்தேன். தேர்வான பெண்களில் ஒருத்தி என் குழுவில் இருந்தவள். ஹரியானாக்காரி. கட்டிப்பிடித்து ரொம்ப நேரம் விடவே இல்லை. அவளுக்குக் கீழே வேலை பார்க்கச் சொன்னால் நான் யோசிக்காமல் போவேன். அவர்கள் தேடியதும் ஒருவேளை அதுவாக இருக்கலாம்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. ‘சி’ சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, ‘ஏ’ கிரேடு. போலீஸ் தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு, அதற்குப் போ என்கிறார்கள். அதுவும் விண்ணப்பித்திருக்கிறேன். சிறப்பு நுழைவுக்கு வயது வரம்பு 25, எனக்கு 22. காலையில் ஐந்து மணிக்கு ஓடுகிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். தமிழ்த் துறைத் தோழி எனக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். அவள் கேள்வியை மட்டும் அவளும் விடவில்லை, நானும் விடவில்லை.

சாத்தூர்க்காரி இப்போது இரண்டாம் வருடம், லான்ஸ் கார்ப்பரல். ‘பி’ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள். புதுப் பிள்ளைகளுக்கு அவளைக் கட்டளை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

“நடுவுல எவ்ளோ நேரம் விடணும்க்கா? உஸ்தாத் சொல்றது புரிய மாட்டேங்குது.”

“எண்ணாத. முன்னால நிக்கிறவங்க மூஞ்சியப் பாரு. ரெடியாயிட்டாங்கன்னா தெரியும்.”

“எல்லாரும் ஒரே நேரத்துல ரெடியாக மாட்டாங்களே?”

“கடைசியா ஆகுறவ யாருன்னு பாரு. அவளுக்குத்தான் நீ நிக்கணும்.”

முந்தாநாள் அடுத்த எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பு வந்தது. அப்பா மில்லிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தார். அவர் தந்த வருடம் முடிய இன்னும் நாலு மாதம். அழைப்பில் இருந்த தேதிக்கு ஐந்து மாதம். இரண்டையும் மனதுக்குள் கழித்துப் பார்த்திருப்பார், கணக்கு எழுதுகிறவர் அல்லவா. நான் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன்.

“டிக்கெட் இப்பவே போட்டாத்தான கிடைக்கும்?” என்றார்.